பாதி மீசையோட ஒரு மாமா

கத்திரின்னா அந்தத் தெருவுல நாய்க்குக்கூடத் தெரியும். முடிவெட்டுறவர். வயசு நாப்பத்தஞ்சு, வாய்க்கு மட்டும் இருவது வயசு கம்மி. யாருக்கு எங்க வழுக்கை, யாரு மண்டைக்குச் சாயம் அடிக்கிறான், எல்லாம் அத்துப்படி. ஆனா செத்தாலும் வெளிய சொல்லமாட்டார்.

தன் விசயத்துல மட்டும் ரகசியமே கிடையாது. "நானும் ஒரு பஸ் டிரைவரும் ஜோடியா வாழறோம். பதினோரு வருசமாச்சு. அதுல சண்டை போடாத நாள் ரெண்டு. அந்த ரெண்டு நாளும் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு." கேட்டவனுக்கும் சொல்வார், கேக்காதவனுக்கும் சொல்வார். இதுக்காகவே வேற கடைக்குப் போனவங்க ஒரு பஸ் நெறைய இருப்பாங்க. பாதிப் பேரு தலை கெட்டுத் திரும்பி வந்துட்டாங்க.

அக்கா மகளுக்குக் கல்யாணம். கத்திரி தூக்கி வளத்த பொண்ணு. முந்தின நாள் காலைல அக்கா புருஷன் வந்து நாற்காலில உக்காந்தார். மீசைன்னா மீசை, ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு குடும்பம் குடியேறலாம். கத்திரி நுரை போட்டு, ஒரு கன்னத்தை வழிச்சு, வலது பக்க மீசையை அழகா ஒதுக்கி முடிச்சார். அப்பதான் மாமா கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஆரம்பிச்சார்.

"மச்சான், நாளைக்கு நீ மட்டும் வா."

"அப்ப டிரைவரு?"

"சம்பந்தி வீட்டாளுங்க ஒரு மாதிரி. வந்தே ஆகணும்னா, ரூம்ல கூடத் தங்கியிருக்கறவர்னு சொல்லு. பின்னாடி உக்காந்து சாப்ட்டுப் போகட்டும்."

போன வருசம் மாமா கால் ஒடைஞ்சு கெடந்தப்ப, மூணு மாடி முதுகுல தூக்கிட்டு ஏறினது அந்த டிரைவர்தான். கத்திரி அதைச் சொல்லிக்காட்டல. கத்தியை மடக்கினார். பெஞ்சுல போய்க் கால்மேல கால் போட்டுப் பேப்பரைப் பிரிச்சார்.

"டேய், மீதி?"

"நான் வெறும் முடிவெட்டுறவன் மாமா. அடுத்த கடைல கேட்டுப் பாருங்க."

அந்தத் தொழில்ல ஒரு வழக்கம். ஒருத்தன் கத்தி வெச்ச முகத்தை, அவன் சொல்லாம இன்னொருத்தன் தொடமாட்டான். மாமா நுரையோட மூணு கடை ஏறி எறங்கினார். "யாரு கத்தி வெச்சது? கத்திரியா? அவர்கிட்டயே போங்க." கடல்நுரை நடந்து வர்ற மாதிரி திரும்பி வந்தார்.

"நாளைக்கு நான் பொண்ணோட அப்பன்டா."

"நான் தாய்மாமன். என்னைப் பாதியா வரச் சொன்னீங்கல்ல? நீங்களும் பாதியாவே வாங்க."

பெஞ்சுல காத்திருந்த எலக்ட்ரீசியன், "அண்ணே, ஒத்துக்கிட்டா நான் சீக்கிரம் வேலைக்குப் போவேன்"னார்.

"சம்பந்தி கேட்டா என்னடா சொல்றது?" மாமா கொரல் எறங்கிடுச்சு.

"மச்சானோட வீட்டுக்காரர்னு சொல்லுங்க. நாக்கு சுளுக்காது. சுளுக்கினா நான் நீவி விடறேன்."

நுரை காஞ்சு அரிக்க ஆரம்பிச்சுது. மாமா கண்ணை மூடிக்கிட்டார். "வரட்டும்."

"எங்க உக்காருவாரு?"

"முன்வரிசைல."

"சத்தமா மாமா. எலக்ட்ரீசியனுக்குக் காது மந்தம்."

"முன்வரிசைலடா பாவி."

கத்தி விரிஞ்சுது.

மறுநாள் கத்திரியும் டிரைவரும் இஸ்திரி போட்ட சட்டையோட முன்வரிசைல உக்காந்தாங்க. சம்பந்தி கேக்காம இருப்பாரா? "இவரு யாரு?" மாமா மீசையை ரெண்டு பக்கமும் நீவிக்கிட்டார். கத்திரி உதவி பண்ணல, சும்மா பாத்துக்கிட்டே இருந்தார்.

"என் மச்சானோட வீட்டுக்காரரு"ன்னார் மாமா, தரையப் பாத்துக்கிட்டு.

சம்பந்தி நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கிட்டார். கத்திரியும் டிரைவரும் அந்த ஒரு அடியையும் சேத்துக்கிட்டு, காலை நீட்டி வசதியா உக்காந்தாங்க.