ஒரு வரி குறைந்த பாட்டு

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்த என் மனைவி, கேசட்டுகளை மூட்டை கட்டிப் பழைய சாமான்காரருக்கென்று வாசலில் வைத்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூட்டையைப் பிரித்துத் தேடினேன். நான் தேடியது மட்டும் இல்லை.

"பிரிட்ஜ் மேல இருக்குதுங்க. மூட்டையில போட மறந்துட்டேன்" என்றாள்.

பம்பையும் எலக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து முழங்கும் கேசட் அது. சேலத்துப் பக்கம் நாலு இளைஞர்கள் போட்டது. அதோடு சரி, அடுத்தது வரவில்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியபோது, "தெரிஞ்சுதான் எடுக்கறீங்களா?" என்று கடைக்காரரே கேட்டார். கல்யாணமாகி வந்த என் மனைவியோ, நான் அதைப் போட்டாலே, "வூடே அதிருது, நிறுத்துங்க" என்பாள். இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்து அதற்கு நான் ஒருத்தன்தான் ரசிகன். இன்னும் ஒரே ஒருவரையாவது சேர்த்துவிட வேண்டும் என்பது என் வெறி.

"ஒரு தடவ முழுசாக் கேளு. புடிக்கலைன்னா நானே மூட்டையில போடறேன்."

"கேக்காம விடவா போறீங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதலில் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கிதார் கரகரவென்று எழுந்தது, பின்னாலேயே பம்பை. உடம்பு சிலிர்த்தது. வத்தல்மலையில் சாமை அறுக்கும் பாட்டு வந்தபோது உள்ளிருந்து இன்னொரு குரலும் கேட்டது. அவள் பாடிக்கொண்டிருந்தாள். சரணத்தின் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு டக்கென்று அடுத்ததற்குத் தாவினாள். கேசட்டும் அங்கேயே தாவியது.

அந்த இடத்தில் நாடா ஒருமுறை சிக்கிக் கசங்கியிருந்தது. நான் தையல்காரன். கசங்கிய ஒரு சாண் நீளத்தை வெட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் தையலுக்கு விடுவதுபோல அரை இஞ்ச் விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். ஒரு வரி போயே போய்விட்டது. அப்படிப் பாட, என் கேசட்டைக் கேட்டிருந்தால்தான் முடியும். நான் போடும்போதோ அவள் முதல் பக்கத்தைத் தாண்ட விட்டதே இல்லை.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"இத எப்பக் கேட்ட?"

"நீங்க கடைக்குப் போனப்புறந்தான்" என்றாள் வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இன்னும் சத்தமா வெப்பீங்க."

கோபம் வர வேண்டிய இடம். எனக்கோ ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத் தோன்றியது. இந்த வயதில் குதித்தால் முழங்கால் கேட்காது, அதனால் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாட்டை முதலிலிருந்து வைத்தாள். சத்தத்தையும் அவளே ஏற்றினாள்.