நெவில் விசில் அடித்த சாயங்காலம்

சிட்னி துறைமுகத்தில் நெவில் ஹான்ராஹனைத் தெரியாத படகுக்காரர் இல்லை. அறுபத்தாறு வயது. மூக்கு, வெயில் புண்ணுக்காகத் தோல் டாக்டர் சீவியது போக மிச்சம். தினமும் சாயங்காலம் இருபது பேரைத் தன் பாய்மரப் படகான ‘லோர்னா’வில் ஏற்றிக்கொண்டு போவார். பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அவ்வளவுதான் தொழில்.

வீட்டில் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தட்டு கழுவியதில்லை. “கயிறு இழுத்து இழுத்துத் தோளே விட்டுப்போச்சு, கிளென்” என்று முனகிக்கொண்டே சோபாவில் சாய்ந்துவிடுவார். மனைவி கிளெனிஸுக்குப் படகு என்ற பேச்சை எடுத்தாலே குமட்டும். அதனால் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை, அவர் சொன்னதுதான் கணக்கு.

சும்மா சொல்லக்கூடாது, கயிறு இழுப்பதெல்லாம் படகில் வேலை பார்க்கும் செஃபினா. சமோவாக்காரி, இரண்டு ஆள் வேலையைப் பாடிக்கொண்டே ஒருத்தியாகச் செய்வாள். நெவில் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு டீ குடிப்பார், சுறாக் கதை அளப்பார்.

கிளெனிஸின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தங்கச்சி ஒரு பரிசு கொடுத்தாள் பாருங்கள்: குமட்டல் மாத்திரை ஒரு டப்பாவும், லோர்னாவில் ஒரு சாயங்கால டிக்கெட்டும்.

“மாத்திரை போட்டாச்சு, நெவ்” என்று படகில் ஏறினாள் கிளெனிஸ். “நீ படுற பாட்டை ஒருநாளாவது கண்ணால பாக்கணும்ல?”

நெவில் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அன்றைக்கென்று நாற்பது டிகிரி வெயில், பொட்டுக் காற்று இல்லை. தெற்கத்திக் காற்று ஒன்பது மணிக்கு மேல்தான் வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்குள் எல்லாரும் கரையேறிவிடுவார்கள். பிராட்லி முனைக்குப் பக்கத்தில் லோர்னா அசையாமல் நின்றது.

நெவில் சும்மா இருப்பாரா? கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்ததைக் கட்டினார். “செஃபினா! பாயை இறுக்கு!” என்று அலறினார்.

“எந்தப் பாயை, கேப்டன்? எல்லாமே துவைச்சுக் காயப்போட்ட மாதிரி தொங்குது.”

கிளெனிஸ் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “ரொம்பக் கஷ்டமான வேலைதான். டீ ஆறுது பாரு, குடி” என்றாள். குரலில் இருந்த இனிப்பு நெவிலுக்குப் பிடிக்கவே இல்லை.

லோர்னாவில் விசில் அடிக்கக் கூடாது. அடித்தால் காற்றைக் கூப்பிட்டதாக ஆகும். போன வருஷம் ஒரு பல் டாக்டர் தெரியாமல் அடித்துவிட்டு, பயணம் முடிகிறவரை கீழ் அறையில் உட்கார்ந்து வந்தார். அந்தச் சட்டம் போட்ட நெவிலே, பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து, நீளமாக ஒன்று அடித்தார்.

“ஐயோ, கேப்டன்! உங்களுக்குக் கிறுக்கா?” என்று கத்தினாள் செஃபினா.

விசில் கேட்டு வந்ததோ, வானிலைக்காரர்கள்தான் தப்பாகச் சொன்னார்களோ, பத்தே நிமிஷத்தில் நகரத்துக்குப் பின்னால் வானம் கருத்துத் தெற்கத்தி வந்து அறைந்தது. லோர்னா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறால் தட்டு கடலுக்குப் போனது, கூடவே நெவிலின் தொப்பியும். செஃபினா முன்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய பாயின் கயிறு மேலே சிக்கிக்கொண்டது.

“கிளென், சக்கரத்தைப் பிடி! விட்டுடாத!”

நெவில் பாய்ந்தார். சிக்கை உதறி எடுத்து, பாயைக் கையாலேயே இழுத்து இறக்கினார். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. வலியில் உயிர் போனது, ஆனாலும் மனசுக்குள் ‘பாத்தியா, கிளென்? பாத்தியா?’ என்று ஒரே கும்மாளம்.

கரை சேர்ந்து ஜனங்கள் இறங்கிப் போனதும், கிளெனிஸ் அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“தினமும் இப்படியா, நெவ்? நான் உன்னை நம்பவே இல்ல. மன்னிச்சுடுப்பா.”

“பரவாயில்ல, விடு” என்றார் நெவில், ராஜா மாதிரி.

“இனிமே வேண்டாம். நாளைக்கே படகை வித்துடு. ஒருநாள் நீ திரும்பி வராமப் போனா நான் என்ன பண்ணுவேன்?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று உதிர்ந்தது. நெவிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லோர்னா இல்லாமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எங்கே போவார்? யாரிடம் சுறாக் கதை சொல்வார்? அதைவிட, இவள் இப்படி அழுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

“கிளென்... தினமும் இப்படி இல்ல.”

“பின்ன?”

“வருஷத்துக்கு ஒரு தடவை. சில வருஷம் அதுவும் கிடையாது.”

“மத்த நாள்?”

“டீ.”

“அப்போ கயிறு?”

பாயை மடித்துக்கொண்டிருந்த செஃபினா, திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினாள். “நான்தான்.”

கிளெனிஸ் மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீட்டுல பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை ரெண்டு ஜோடி இருக்கு” என்றாள். “புதுசு. காயத்துல தண்ணி படாது.”

நெவில் தன் கையைப் பார்த்தார். லோர்னாவைப் பார்த்தார்.

“பெரிய சைஸா?” என்று கேட்டார்.