சந்தேஷின் இரண்டாவது குழாய்

மணிதா காலமான செய்தி எனக்கு கிடர்பூர் பஸ்ஸில் வந்தது. காலை நேரம். ஒரு லாரி குறுக்கே நின்றதால் பஸ் நகரவே இல்லை. ஃபோனில் அவர் மகள் மஞ்சு. சித்தி என்பதை வங்காளத்தில் மாஷி என்றுதான் கூப்பிடுவாள். "மாலதி மாஷி, அப்பா விடியக்காலைல போயிட்டார்," என்றாள். கொஞ்சம் அழுதுவிட்டு, "அவர் சட்டைப் பையில ஃப்ரீசர் சாவி இருக்கு மாஷி. ஆபீஸ்ல தேடுவாங்களே, யார்கிட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அப்பாவைப் போலவே யோசிக்கிறாளே என்று நினைத்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இறங்கி அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் பெயர் ராஜாமணி. பூர்வீகம் தூத்துக்குடி, அப்பாவுக்குத் துறைமுக வேலை என்பதால் வளர்ந்தது கிடர்பூரில். அலிப்பூரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மணிதா, அதாவது மணி அண்ணன். தமிழ் பேச அங்கே நாங்கள் இருவர்தான். அரபிக்கடலை விட்டு வெளியே போகாமல், வேறு கடல்களின் கூட்டங்களோடு கலக்காமல் வாழும் ஒரு சிறு திமிங்கிலக் கூட்டத்தின் மரபணுவை ஆராய்வது எங்கள் வேலை. மேற்குக் கரையிலிருந்து வரும் தோல் துணுக்குகளைக் குழாயில் இட்டு உறைய வைத்துக் காப்பது அவர் பொறுப்பு. அவற்றைச் சோதித்து, எது எந்தத் திமிங்கிலம், எதற்கு எது உறவு என்று சொல்வது என் பொறுப்பு.

வங்காளிகளுக்கு ஊருக்கு ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் உண்டல்லவா? மணிதா திமிங்கிலங்களுக்கும் அப்படித்தான் வைத்தார். அறிக்கையில் வெறும் எண். ஃப்ரீசர் கதவில் ஒட்டிய தாளில் சந்தேஷ், முறுக்கு, ஜிலேபி என்று தின்பண்டப் பெயர்கள். மனிதப் பெயர் கூடவே கூடாது. "ஆள் பேரு வச்சா ஒண்ணு மேல பாசம் கூடிரும், இன்னொண்ணு மேல கொறஞ்சிரும். திங்கிற சாமான்னா எல்லாம் ஒண்ணுதான்," என்பார். இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை வியாதி.

ஒரு வருடம் துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள், சந்தேஷின் சோதனை முடிவும் முறுக்கின் சோதனை முடிவும் அச்சு அசலாக ஒன்றாக வந்தன. சந்தேஷ், படகிலிருந்து தோல் எடுக்கப்பட்ட உயிருள்ள பெண் திமிங்கிலம். முறுக்கு, அடுத்த வருடம் கரையொதுங்கிய சடலம். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றில் நான்தான் சிந்திவிட்டேன் என்று பயந்து மறுபடி செய்தேன். அதே முடிவு. மணிதா தன் நோட்டையும், திமிங்கிலங்களை அடையாளம் காண வைத்திருந்த வால் படங்களையும் எடுத்துவந்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. நம்ம சந்தேஷ் செத்துப்போச்சு," என்றார்.

அறிக்கை அன்று மாலை போக வேண்டும். அதில் சந்தேஷ் உயிரோடு இருந்தது. ஹவுரா வீட்டில் அம்மா பூஜைக்கு எனக்காகக் காத்திருந்தாள். "இருக்கட்டுமே மணிதா, ஒண்ணுதானே? அடுத்த அறிக்கையில திருத்திக்கலாம்," என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"என்ன பேச்சு பேசுதீங்க? இருக்கிறதே கொஞ்சம். அதுலயும் செத்ததை உசுரோட இருக்குன்னு எழுதிக் குடுத்தா, மிச்சம் இருக்கிறதை எவன் பதறிக்கிட்டு காப்பாத்துவான்?"

அறிக்கை தாமதமாகிறதே என்று இயக்குநர் முணுமுணுத்தார். பூஜையின் முதல் நாளான ஷஷ்டியன்று ஊரே புதுத்துணி உடுத்திச் சுற்ற, நான் அட்டவணைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மணிதா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். அன்று அவர் மேல் எனக்கு ஏகப்பட்ட எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான், ஒரே திமிங்கிலத்துக்கு இரண்டு குழாய் எதற்கு, முறுக்கைத் தூக்கிப் போட்டால் இடமாவது மிஞ்சும் என்றேன். "செத்தவுக சாமானை அன்னைக்கே தூக்கி எறிவாங்களாம்மா? கிடக்கட்டும்," என்று சொல்லி, முறுக்கு என்பதை அடித்துவிட்டு 'சந்தேஷ், இரண்டு' என்று எழுதி உள்ளே வைத்தார். பிறகு ஃப்ரீசர் நிறையும்போதெல்லாம் அந்தக் குழாயைச் சொல்லி அவரைக் கேலி செய்வேன். சிரிப்பாரே தவிர, சாவியைத் தரமாட்டார்.

அவர் போய் மூன்று வாரத்தில் புதிதாக ஒரு தோல் துணுக்கு வந்தது. இளம் வயது ஆண், உயிரோடு, நன்றாக நீந்துகிறதாம். பெற்றோர் யார் என்று பார்க்கப் பழைய முடிவுகள் போதவில்லை. எல்லாவற்றையும் புது முறையில் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. சந்தேஷின் முதல் குழாய் முன்பே காலி. நான் தூக்கி எறியச் சொன்ன குழாயைத்தான் திறந்தேன். போன வாரம் முடிவு வந்தது. சந்தேஷின் பிள்ளை அது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று ஆய்வுக்கூடத்தில் சத்தமாகச் சிரித்தோம்.

இதற்கு மணி என்றே பெயர் வைப்போம் என்று எல்லோரும் சொன்னார்கள். "ஆள் பேரு கூடாது. அவருக்குத் தெரிஞ்சா ஒரு வாரம் பேசமாட்டார்," என்றேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது கோவில்பட்டி கடலை மிட்டாய்தான்; வீட்டில் மஞ்சு அதை ஒளித்து வைப்பாள். தாளில் கடலை மிட்டாய் என்று எழுதினேன். தாய் என்ற இடத்தில் சந்தேஷ் என்று எழுதினேன். பிறகு ஃப்ரீசரைப் பூட்டி, அவர் செய்வது போலவே ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். சாவி இப்போது என்னிடம் இருக்கிறது.