மேட்டில் வைக்காத கல்

என் நாத்தனாரை ஊரில் எல்லோரும் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். "இப்படி நடந்தா சோறு வயித்துல எங்கடி தங்கும்?" என்றால், "அது பாட்டுக்குத் தங்கும் அண்ணி" என்பாள். இவளைப் பிடித்து நீர்வளக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். கேட்கவா வேண்டும்!

மழைக்கு முன்னால் ஒரே ஒரு வேலையைத்தான் முடிக்க முடியும் என்ற நிலைமை. மேட்டுச் சரிவில் கல் அடுக்கி ஓடையை அங்கங்கே மறிக்கலாம், இல்லாவிட்டால் கீழே குளத்தைத் தூர் வாரலாம். சக்கரம் சரிவு முழுக்க ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மேல மண்ணைப் பிடிச்சு நிறுத்தாம கீழ குளம் தோண்டினா, தோண்டின பள்ளத்தை மழையே மூடிடும் அண்ணி." சரியான பேச்சு. ஆனால் அந்தச் சரிவு முடிகிற இடத்தில் எங்கள் வயல் இருந்தது. அதாவது, அவள் அண்ணன் வயல்.

பள்ளிக்கூட அறையில் கூட்டம். தரையில் சாக்பீஸால் மேடு, ஓடை, குளம், வீடுகள் எல்லாம் வரைந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கல். எந்த வேலை முதலில் என்று நினைக்கிறோமோ அங்கே வைக்க வேண்டும். தலைவி என்பதால் முதல் கல் அவளுடையது. குனிந்து சரிவின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"வைம்மா வை," என்றார் டீக்கடைக்காரர் பின்னாலிருந்து. "அண்ணன் வயலைக் காப்பாத்திட்டு, அப்புறம் மிச்சம் இருந்தா ஊரைப் பாரு."

சிரிப்பு. அவள் கை அப்படியே நின்றது. பிறகு கல்லைக் குளத்தில் வைத்துவிட்டாள். எல்லோரும் அங்கேயே வைத்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் நான் மட்டும் என் கல்லைச் சரிவில் வைத்துவிட்டு வந்தேன்.

"ரோஷத்துக்காக ஊரையே பணயம் வெச்சிட்டியேடி!"

"நாளைக்கு என்னை யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது அண்ணி."

அதற்கப்புறம் அவள் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். குளம் தோண்டுகிற இடத்துக்கு ஓடுவாள், அங்கிருந்து சரிவைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள். குளம் நன்றாகவே ஆழமானது. டீக்கடைக்காரரே கூப்பிட்டு டீ கொடுத்தார். அதையும் நடந்துகொண்டே குடித்தாள்.

ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. நனைந்தபடி வந்தவள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நேராக வயலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடை வரப்பை உடைத்து, மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிருந்தது. குளத்துக்குப் போனால், தண்ணீர் டீக்கடை டீயைவிடக் கெட்டியாக நின்றது. வெயில் அடித்து வற்றியபோது பார்த்தோம். தோண்டிய பள்ளத்தில் பாதி வரைக்கும் எங்கள் வயல் மண்தான் கிடந்தது.

அவளைத் திட்ட வாய் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"தெரியாம வைக்கல அண்ணி," என்றாள். "தெரிஞ்சேதான் வெச்சேன்."

அடுத்த வருஷமும் அதே அறை, அதே சாக்பீஸ் கோடுகள். ஊர் வாங்கின அடி டீக்கடைக்காரருக்கு மறந்துவிட்டது. "என்னம்மா, மறுபடி அண்ணன் வயலா?" என்றார்.

சக்கரம் கல்லைச் சரிவில் அழுத்தி வைத்தாள்.

"ஆமா, எங்க அண்ணன் வயலுக்கு மேலதான். சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுங்க. கல்லு இங்கதான்."

சொல்லிவிட்டு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து வரவும் இல்லை. டீக்கடைக்காரர் தன் கல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் என் கல்லை அவள் கல்லோடு ஒட்டி வைத்தேன். போன வருஷம் அது அங்கே தனியாகக் கிடந்தது.