கரி புதைத்த இடம்

எந்தக் கொல்லைக்குள் இறங்குவதானாலும் உதயசூரியன் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொள்வார். "இது யாரு எடம்?" என்று கேட்பார். யாராவது பதில் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அது அவருடைய சொந்தக் கடலைக் கொல்லையாக இருந்தாலும் இப்படித்தான். வல்லத்திராக்கோட்டையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

"என்ன மச்சான், சொந்தக் கொல்லைக்குப் போகவும் விசா அடிக்கணுமா?" என்பார் முத்துராமன். உதயசூரியனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்குத் தங்கை மகள் முறையான ரம்யா இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள். பள்ளிக்கூட நாட்களில் மாமாவுக்கு மறதி என்று நினைத்தாள். கல்லூரிக்குப் போன பிறகு அடக்கமான மனுசன் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டுமே இல்லை என்று தெரிவதற்கு ஒரு சர்வேயர் வர வேண்டியிருந்தது.

அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். இப்போது புதுக்கோட்டையில் வரலாற்று ஆராய்ச்சி செய்கிறாள். வளைகுடாவில் பக்கத்துப் பக்கத்தில் ஆண்ட இரண்டு ஷேக்குகள் ஒரு பள்ளத்தாக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டபோது, நடுவில் நின்ற வெள்ளைக்கார அதிகாரி என்ன செய்தார் என்பதுதான் தலைப்பு. அந்த அதிகாரி ஒருவரிடம் போய், "மேய்ச்சல் உங்களுடையது, கவலைப்படாதீர்கள்" என்றார். மற்றவரிடம், "கிணறு உங்களுடையது, பொறுத்திருங்கள்" என்றார். மேலிடத்துக்கு, "இப்போதைக்கு முடிவு செய்யாமல் விடுவதே நல்லது" என்று எழுதினார். பிறகு கப்பலேறிப் போய்விட்டார். அது தந்திரம், அப்பட்டமான ஏமாற்று என்று ரம்யா தன் அத்தியாயத்தில் அழுத்தி எழுதியிருந்தாள்.

"அந்த ஊரு எல்லையப் படிச்சு இந்த ஊரு எல்லைக்கு என்ன பண்ணப் போற?" என்று அவள் அம்மா பரிமளா கேட்பாள். கேலியாகத்தான் கேட்பாள். ஆனாலும் ரம்யாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவர்கள் எல்லைப் பிரச்சினை இதுதான். ரம்யாவின் அப்பா நாகராசுவுக்கும் பங்காளி முத்துராமனுக்கும் ஒரே கூட்டுப் பட்டா. இரண்டு பேரும் ஒருநாள் வாய்ப்பேச்சிலேயே நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்த இடத்தில் குழி வெட்டி, ஊர் வழக்கப்படி ஒரு கூடை கரியைக் கொட்டி மூடினார்கள். கல்லை நகர்த்தலாம், மண்ணுக்கடியில் கிடக்கும் கரியை நகர்த்த முடியாது என்பது கணக்கு. பங்காளிகள் இருவரைத் தவிர மூன்றாவது ஆளாக நின்றவர் உதயசூரியன் மட்டும். பரிமளாவுக்கு அண்ணன் முறை, முத்துராமனுக்கு மச்சான் முறை, இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். அப்போதுதான் வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தார்.

நாகராசு பிற்பாடு எல்லையை ஒட்டி ஆழ்துளைக் கிணறாக ஒரு போர் போட்டார். தண்ணீரும் வந்தது. இலவச மின்சாரத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர், அது வருவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். இந்த ஐப்பசியில்தான் முறை வந்தது. தை முடிவதற்குள் பட்டாவைத் தனியாகப் பிரித்துக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று மின்வாரிய அலுவலகத்தில் சொன்னார்கள். முத்துராமனோ, கரியைப் போருக்கு அந்தப் பக்கம் புதைத்ததாகத்தான் தனக்கு ஞாபகம், போர் இருக்கும் துண்டு தன்னுடையது என்றார்.

கார்த்திகையில் சர்வேயர் வந்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எல்லையக் காட்டுங்க. நான் அளந்து பிரிச்சிட்டுப் போறேன். நீங்களே அடிச்சுக்கிட்டா நான் சங்கிலியப் பிடிச்சு என்ன பண்ண?" என்றார்.

உதயசூரியனைக் கூப்பிட்டு வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வரப்பில் செருப்பைக் கழற்றினார்.

"இது யாரு எடம்?"

யாரும் சிரிக்கவில்லை. பரிமளா, "அண்ணே, அதச் சொல்லத்தாண்ணே ஒங்களக் கூப்பிட்டோம்" என்றாள்.

அவர் முத்துராமனைப் பார்த்தார். பரிமளாவைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒருதாய் மக்கள் மாதிரி. என்ன அவசரம்? ஈரம் காயட்டும். உக்காந்து பேசிக்குவோம்."

"கரி எங்க கெடக்குன்னு மட்டும் சொல்லுங்க பெரியவரே" என்றார் சர்வேயர்.

"கெடக்கும். எங்கிட்டுப் போயிரப் போவுது?"

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். முத்துராமனும் போய்விட்டார். பரிமளா மாட்டை அவிழ்க்கப் போனாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ரம்யாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏன் மாமா இப்புடிப் பண்றீங்க? தெரிஞ்சுக்கிட்டே மறைக்கிறீங்கள்ல?"

உதயசூரியன் வரப்பில் உட்கார்ந்தார். மண்ணைக் கிள்ளினார்.

"நான் அங்க ஒரு பேரீச்சந்தோப்புல மோட்டார் போட்டுக்கிட்டு இருந்தேன்ல. தோப்புக்கு இங்கிட்டு ஒரு ஷேக்கு, அங்கிட்டு ஒரு ஷேக்கு. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து தீராத எடமாம். எனக்கென்ன தெரியும்? போன புதுசுல ஒரு ஜீப்பு வந்து, இது யாரு எடம்னு கேட்டான். என் முதலாளியோட ஷேக்கு பேரச் சொன்னேன். பொய்யில்ல. ஆனா வந்தது மத்தவனோட ஜீப்பு. தூக்கிக்கிட்டுப் போயி உள்ள வச்சுட்டாங்க. பாஷ புரியல. என்னத்துக்கு அடிக்கிறாங்கன்னே தெரியல."

"அப்பறம்?"

"அப்பறமென்ன. வெளிய வந்ததுலேருந்து ஜீப்பு சத்தம் கேட்டாப் போதும், நானே முன்னால ஓடிப் போயிக் கேட்டுருவேன். இது யாரு எடம் அர்பாப்னு. மொதலாளிய அங்க அப்புடித்தான் கூப்புடணும். அவன் என்ன சொல்றானோ, ஆமாம்பேன். அடுத்தவன் வந்தா அவனுக்கும் ஆமா. ஊரு திரும்புற வரைக்கும் ஒருத்தன் என்னத் தொடல."

ரம்யாவுக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே எரிச்சலும் வந்தது.

"இங்க ஜீப்பு வரலியே மாமா."

அவர் கழற்றிப்போட்ட செருப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"முத்துராமன் மூஞ்சில நாளைக்கும் முழிக்கணும்ல தாயி" என்றார்.

"எங்க மூஞ்சில முழிக்க வேணாமா?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "தை பொறக்கட்டும். மொத நாளே நான் மம்பட்டியோட வாரேன். ஒரே வெட்டு, கரி தெரியும். அது ஒங்க பக்கத்துக்குத்தான் நல்லது. ஒங்க ஆத்தாட்ட சொல்லிப்புடு."

அம்மாவிடம் சொன்னாள். பரிமளா நம்பினாள். விதைக் கடலை உடைக்கக்கூட உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் உதயசூரியனைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. காதுகுத்தோ கல்யாணமோ, பந்தி முடிந்து கடைசி ஆள் சாப்பிடும்வரை நின்று கவனிப்பார். சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளை ஒரே வேனில் ஏற்றி அனுப்புவார். எந்தப் பஞ்சாயத்திலும் அவர் இருப்பார். ஆனால் அவரால் தீர்ந்த பஞ்சாயத்து ஒன்றைக்கூட ரம்யாவால் யோசித்து எடுக்க முடியவில்லை.

மார்கழிக் கடைசியில், காலையில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உடலை எடுத்துவிட்டு வந்த அன்று, பந்தலடியில் முத்துராமன் ரம்யாவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒங்க மாமன் என்ன சொன்னான் தெரியுமா? தை பொறந்ததும் வந்து ஒரே வெட்டுல காட்டுறேன், கரி ஒன் பக்கத்துக்குத்தான் நல்லதுன்னான். சர்வேயரு வந்தாரே, அன்னைக்குச் சாயங்காலமே வீடு தேடி வந்து சொன்னான்."

"எங்ககிட்டயும் அதத்தான் சொன்னாரு பெரியப்பா."

முத்துராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் அவர் சிரித்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தையில் இரண்டு வீட்டாரும் தனித்தனியாகத் தோண்டிப் பார்த்தார்கள். கரி கிடைத்தது. தோண்டிய இடத்திலெல்லாம் கிடைத்தது. நாகராசு போன பிறகு அந்தத் துண்டில் மண்டிய சீமைக்கருவேலத்தை, கரி போடுகிறவர்கள் வெட்டி, விற்பதற்காக அங்கேயே மூட்டம் போட்டு எரித்திருந்தார்கள். அப்போது எல்லைக் கரியை யாரும் நினைக்கவில்லை. எது வியாபாரக் கரி, எது எல்லைக் கரி என்று மண்ணைப் பார்த்து இரண்டு வீட்டாரும் நம்பும்படி சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார்.

மின்சார முறை பக்கத்து ஊர்க்காரருக்குப் போயிற்று. பரிமளா உடைத்து வைத்த விதைக் கடலையை வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

ரம்யா தன் அத்தியாயத்தைத் திறந்து, 'தந்திரம்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்தாள். பயம் என்று எழுதலாமா? அந்த அதிகாரியை எந்த ஜீப்பும் தூக்கிக்கொண்டு போகவில்லையே. நல்ல பெயர் எடுக்கும் ஆசையா? மாமாவுக்கு அதுவும் இருந்திருக்குமோ? அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டாள். வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துவிட்டு, "இங்க என்னம்மா, ஒரு முடிவு வேணாமா?" என்றார்.

போர்க்குழாயின் வாயில் இன்னும் சாக்குதான் கட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது, முத்துராமனும் சரி, பரிமளாவும் சரி, ஒரு நொடி நின்று அந்தத் தரிசைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒரே வெட்டு என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போனவருடைய மண்வெட்டி, அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் புதுக் காம்பு போட்டபடி சாய்ந்திருக்கிறது.