ஜீப்புக்கு எழுதிய வலி மாத்திரை

1. செல்வி கொண்டுவந்த டப்பா

தேனி மாவட்டத்தில் மருந்து ஆய்வாளராக இருந்தபோது எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து புகார் சொல்லியிருக்கிறார்கள். புருஷனைத் தொடையில் கிள்ளியதாகச் சொன்னவர் தேவாரம் செல்வி ஒருவர்தான்.

"எங்க வீட்டுக்காரரு ஜீப் ஓட்டுறாரு மேடம். தெனம் காலையில ஏலத்தோட்டத்து வேலைக்குப் பன்னெண்டு பொம்பளைகள மலைக்கு ஏத்திட்டுப் போவாரு. நானும் அதுலதான் போறேன். நேத்து ஏழாவது வளைவுல அவருக்குக் கண்ணு சொருகிருச்சு. கிள்ளித்தான் முழிக்க வச்சேன்."

காரணம், முதுகுவலிக்கு அவர் போடும் மாத்திரை. வலி போகும், தூக்கம் வரும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சரக்கு.

"கடைக்காரவுக தர முடியாதுன்னுட்டாக. இப்ப ஆன்லைன்ல வாங்குறாரு. வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாக."

"ஆன்லைன்லயும் சீட்டை அப்லோட் பண்ணணுமே?"

"பண்ணாரே. வண்டியோட புகை சர்டிபிகேட்டை."

நான் நம்பவில்லை. செல்வி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். லேபிளில் நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜீப்பின் நம்பர். வயது பத்தொன்பது. பாலினம் ஆண். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். ஜீப் ஆண் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வண்டிய ஷெட்ல விட்டு இஞ்சினைக் கழட்டச் சொல்லிட்டேன் மேடம். மெக்கானிக் என் தம்பிதான். ஒரு வாரம் இழுத்தடிப்பான். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க. இல்லேன்னா ஒருநா பன்னெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம்."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான் புகார்ப் பதிவேட்டைத் திறந்தேன்.

2. யாருமே விற்கவில்லை

கடை என்றால் எனக்கு வேலை சுலபம். உள்ளே போவேன், பில் புத்தகத்தை எடுப்பேன், முதலாளி டீ வாங்கி வரச் சொல்வார், நான் டீயைக் குடிக்காமல் நோட்டீஸைக் கொடுப்பேன். இங்கே போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை.

மாத்திரைக்கு ஆர்டர் எடுத்த மொபைல் செயலிக் கம்பெனிக்குப் பேசினேன். "நாங்க விக்கல மேடம், கடைகளைக் காட்டுறோம், அவ்வளவுதான்." டப்பாவோடு வந்த பில்லில் இருந்த மருந்துக்கடைக்குப் பேசினேன். "டாக்டர் அப்ரூவ் பண்ணதை அனுப்புறோம்." டாக்டர் யாரென்று கேட்டால் செயலிக் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். ஆக, மாத்திரை விற்றிருக்கிறது, விற்றவர் ஒருவரும் இல்லை. மெயிலில் அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் இல்லை. கடையின் லைசென்ஸும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். அங்கே போனால் நானும் ஒரு சுற்றுலாப் பயணிதான்.

"அந்த ஸ்டேட்டுக்கு லெட்டர் போடும்மா. ரெண்டு மாசத்துல பதில் வரும்" என்றார் மேலதிகாரி.

"ஜீப்பு ஒரு வாரத்துல ரெடியாயிரும் சார்."

நாமே வாங்கிப் பார்த்துச் சோதிக்கும் டெஸ்ட் பர்ச்சேஸுக்கு அனுமதி கொடுத்தார். அதே புகைச் சான்றை என் போனிலிருந்து அனுப்பினேன். 'எங்கள் டாக்டர் சரிபார்த்துவிட்டார்' என்று பத்து நிமிடத்தில் செய்தி. மூன்றாம் நாள் அதே கடையிலிருந்து, அதே லேபிளோடு டப்பா வந்தது. உடனே செயலியில் 'நோயாளிக்குச் சம்பந்தமில்லாத மருந்து' என்று ஒரு புகார் போட்டு, ஒற்றை நட்சத்திரமும் கொடுத்தேன். நோட்டீஸுக்கு அசையாதவர்கள் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள்.

"மேடம், பேஷண்ட் இப்ப எப்படி இருக்காங்க?"

"அசைவே இல்ல."

"அய்யோ! எங்க இருக்காங்க?"

"தேவாரத்துல. உள்ள இருந்ததை எல்லாம் கழட்டி வெளிய வச்சிருக்காக."

"ஆபரேஷனா மேடம்?"

"நாலு பேரு சேந்துதான் தூக்குனாக. உங்க கடை ஆள நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மலை இறங்கி, கடையின் மேனேஜரே ஒரு பை ஆப்பிளோடு ஷெட்டுக்கு வந்தார். "பேஷண்ட் எவிடே?" என்று மலையாளத்தில் தேடினார். செல்வி ஜீப்பைக் காட்டினார். நான் லேபிளையும் அடையாள அட்டையையும் காட்டினேன். மனிதர் பையை பானெட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விற்றது தங்கள் கடைதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார், என் அதிகார எல்லைக்குள்.

வண்டி எப்போது கிடைக்கும் என்று தினமும் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த செல்வியின் கணவர் முருகேசனும் அங்கே நின்றார். எல்லோரையும்விட அவர்தான் பலமாகச் சிரித்தார்.

"சிரிக்காதீக" என்றார் செல்வி. "அன்னைக்கு நான் கிள்ளாம இருந்திருந்தா, இந்த ஆப்பிளை யாருக்குக் கொண்டாந்திருப்பாக?"

முருகேசனின் சிரிப்பு நின்றது. ஜீப் சாவியைச் செல்வியின் கையில் கொடுத்தார். "டாக்டரைப் பாத்துட்டு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்." எத்தனையோ கடைகளுக்குச் சீல் வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத சந்தோஷம் அன்று வந்தது.

3. நினைவூட்டல்

என் அறிக்கையின் பேரில் கேரள அதிகாரிகள் அந்தக் கடையின் லைசென்ஸைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்போடு ஓய்வு பெற்றேன்.

போன மாதம், அன்று ஆர்டர் போட்ட என் போனுக்கு ஒரு செய்தி. நான் கேள்வியே படாத வேறொரு செயலி. ஜீப்பின் நம்பரைச் சொல்லி அன்போடு அழைத்து, 'உங்கள் மாத்திரை தீர்ந்திருக்குமே?' என்று விசாரித்தது. வயதை மறக்காமல் இருபது ஆக்கியிருந்தார்கள்.

பதறிப்போய்ச் செல்விக்குப் போன் செய்தேன். "அவரு நல்லா இருக்காரு மேடம். வண்டிதான் ஏத்தத்துல மொனங்குது" என்றார்.

வாசல் இல்லாத கடையை நாம் தேடிப் போக முடியாது, அதை நம்மிடம் வரவழைக்க வேண்டும். நான் கற்றது அவ்வளவுதான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளம் ஆய்வாளருக்கு அந்தச் செய்தியை அனுப்பிவிட்டேன். கூடவே, அப்லோட் செய்ய, செல்வியிடம் கேட்டு வாங்கிய ஜீப்பின் புதுப் புகைச் சான்றையும்.