உள்ளங்கைச் சீனி

என் கழுத்தை அம்மா தேய்க்காத தேய்ப்பு இல்லை. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். புளி பூசி ஊறவைத்துத் தேய்த்தாள். கடைசியில் பாத்திரம் விளக்குகிற தேங்காய்த் தும்பையே கையில் எடுத்துவிட்டாள். பிடரியைச் சுற்றிக் கறுத்துத் தடித்திருந்த அந்த வளையம் மட்டும் போகவே இல்லை. தோல்தான் சிவந்து எரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், குளித்துவிட்டு வா என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். இப்போதும் அப்படித்தான்.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும். இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். துரை வீட்டு மேசையில் மிஞ்சுகிற கேக், புட்டிங், வெண்ணெய் தடவிய பாண் எல்லாம் ஒரு டின்னில் அடைபட்டு என்னிடம் வந்து சேரும். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் குச்சி குச்சியாக இருக்க, நான் மட்டும் உருண்டையாக இருந்தேன். தொரவூட்டு வெண்ண நம்ம லயத்துலதான் எறங்குது என்று பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அம்மாவுக்கு அதில் வெட்கமே இல்லை, பெருமைதான். பஞ்ச காலத்தில் எனக்கு மூத்த பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். என் கன்னத்தில் கொஞ்சம் சதையைப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தேய்த்த இடம் புண்ணானதும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த டொக்டரையா புண்ணைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், எங்கள் குடும்பத்தில் யாருக்காவது சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உண்டா என்று கேட்டார். அப்பாவின் அக்காவுக்கு அந்த வருத்தத்தில் ஒரு கால் போனதை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் என் மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் மெல்லப் பச்சையானது. எனக்கு அது அழகாக இருந்தது.

“செவப்பானா வருத்தம் வந்துருச்சுன்னு வச்சிக்க. இது பச்ச. இன்னும் வரல, வரப் பாக்குது” என்றார்.

வரப் பார்க்கிறது என்றால் எங்கிருந்து என்று எனக்குப் புரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் என் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் நோனா இருந்தாள். சிங்களத்தி, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவாள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அவள் என் தலையைக் குனியவைத்துக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “இது ஊத்த இல்ல அம்மா. தேய்க்க எபா, வேணாம். உள்ளுக்கு இருக்கிற சீனிக் கோளாறுதான் வெளிய தெரியுது” என்றாள். அந்த நேரம் வாத்தியார் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கவனமாக இருந்தால் வருத்தம் வராமலே போகலாம் என்றும் அவள் சொன்னாள். சீனி எபா, கேக் எபா. ரொட்டி கொஞ்சம், மரக்கறி கூடுதலா. பிள்ளை ஓடணும், விளையாடணும். கடைசியாக, வீட்டில் எல்லாரும் அப்படியே சாப்பிடுங்கள், இவளைத் தனியாக வைக்க வேண்டாம் என்றாள். அம்மாவின் காதில் சீனி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பார்த்ததெல்லாம் என் கால்களைத்தான்.

அன்று சாயங்காலமே லயத்துக் காம்பரா ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

“எம்புள்ள கையில யாரும் சீனி வச்சிறாதீங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேக்குறேன்.”

எங்கள் லயத்தில் தேத்தண்ணியில் சீனி கலக்கிற வழக்கம் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்து அடுப்பைப் பற்ற வைக்கும் நேரம் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். எந்த வாசலைக் கடந்தாலும், வாடி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ என்று ஒரு குரல் வரும். கை தானாக நீளும். அந்த லயத்தில் ஒரு பிள்ளையைக் கொஞ்சுவது என்றால் அவ்வளவுதான்.

அம்மா காலைப் பிடித்துக் கேட்ட பிறகு அந்தக் குரல்கள் நின்றுவிட்டன. சீனி நின்றதோடு தேத்தண்ணியும் நின்றது, தேத்தண்ணியோடு கூப்பிடுவதும் நின்றது. நான் வருவது தெரிந்தால் கதவுகள் சாத்திக்கொண்டன. உள்ளே கிளாஸ் சத்தம் கேட்கும். அப்பா வெறுங்கையோடு வந்து, ஏதோ களவாடியவர் போல முகம் பார்க்காமல் படுத்துவிடுவார். ஓடி விளையாடு என்றார்கள். யாரோடு? கிளித்தட்டில் என்னைச் சேர்த்தால் தோற்றுப்போவோம் என்று பிள்ளைகள் விலக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஃபேக்டரி வரைக்கும் நடந்து திரும்பி வா என்று அம்மா சொல்லியிருந்தாள். மூடுபனியில் தேயிலைக்கு நடுவே தனியாகப் போவேன், தனியாக வருவேன். வருத்தம் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள் என்பதை நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் உறுதியாக நம்பினேன்.

என்னைத் திரும்பக் கூப்பிட வைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வீட்டில் சீனி இல்லாமல் வெறுஞ்சாயம் குடித்துப் பழகினேன். முதலில் குமட்டியது. பிறகு கசப்பை முகத்தில் காட்டாமல் ஒரு கிளாஸை முழுதாக முடிக்கக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்றுகூடக் குடித்துப் பார்த்தேன். இனி என்னால் யாருக்கும் சங்கடம் இல்லை என்று தோன்றியதும் பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே இருந்தவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை. ஆனால் அம்மா மலையில் நிற்கும் நாட்களில் எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான்.

கதவைத் தள்ளினேன். சின்னம்மா சட்டென்று வலது கையை மூடிக்கொண்டாள். அவளுடைய சின்ன மகன் உள்ளங்கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கத்தினான்.

“தொரவூட்டுக் குண்டு வந்துருச்சும்மா! சீனி டின்ன ஒளிச்சு வைய்யி!”

இடது கையால் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “வாய மூடுடா. நீ வா கண்ணு. இன்னக்கி இன்னும் அடுப்பே பத்த வைக்கல.”

அடுப்பில் கேத்தல் கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது.

“எனக்குச் சீனி வேணாம் சின்னம்மா. வெறுஞ்சாயம் குடுங்க. நான் குடிப்பேன். மொகங்கூடச் சுளிக்க மாட்டேன்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கோபம் வந்தவள் போலப் பேசினாள்.

“வெறுஞ்சாயமா? வாசல் தேடி வந்த புள்ளைக்கி வெறுஞ்சாயத்த ஊத்திக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட இந்த லயத்துல இருப்பேன்? அதெல்லாம் என்னால ஆவாது. போ சாமி. போயி வெளையாடு.”

மூடிய கையின் பின்புறத்தால் என் தோளைத் தள்ளி, வெளியே கொண்டுவந்து விட்டாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. விறகு அடுக்கியிருந்த மூலையில் ஒதுங்கி நின்றேன். திரும்பக் கூப்பிடுவாள் என்று ஒரு நினைப்பு. கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. வாசலில் ஓடிய சாக்கடைக் கான் ஓரத்தில் குந்தி, அந்த வலது கையை விரித்தாள். சீனி வியர்வையில் கரைந்து விரல் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

என்னைத் தொட்ட கையைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்து, அடுப்புக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் சீனி சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் பிள்ளைகள் சண்டை போட்டு நக்குவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கைச் சீனியை அவள் ஏன் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் கானில் விட்டாள் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.